தாத்தா ஏன் விசேஷங்களுக்கு வர மறுக்கிறார்?

கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று எழுபது வயதுக்காரர் சொன்னால் வீட்டார் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். நிதானமாக விசாரித்தால் வேறு காரணம் வெளியே வரும். மண்டபத்து இரைச்சலில் பேச்சு புரிவதில்லை, அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது, பல்செட் கழன்றுவிடுமோ என்று பயம். மூன்றுக்கும் வைத்தியம் உண்டு. ‘வயசானா அப்படித்தான்’ என்ற நினைப்புதான் டாக்டரிடம் போகவிடாமல் தடுக்கிறது.

இந்த நினைப்புக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் ஓஹையோவில் 50 வயது கடந்த 660 பேரைப் பற்றிய ஆய்வை ஆய்வாளர் பெக்கா லெவி குழுவினர் 2002இல் வெளியிட்டனர். முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். இதனால் சிரித்த முகமே ஆயுளைக் கூட்டும் என்று ஆகிவிடாது. ஆனால் முதுமை என்றாலே முடிவு என்று நம்புகிறவர் மாத்திரையையும் நடையையும் சீக்கிரம் விட்டுவிடுகிறார், பிறகு மனிதர்களையும்.

முதலில் காது. குறும்பி அடைத்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்கட்டும், பிறகு ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய காது மெஷின் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. காரணம், வாங்கிய கையோடு கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போவது. ஃபேன், தட்டு, ஹாரன் எல்லாம் ஒரேயடியாகக் காதில் பாயும். மூளை பழக வாரங்கள் ஆகும். முதல் வாரம் அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு, தினம் 2 மணி நேரம் போதும். அடுத்து மிக்ஸி ஓடும் சமையலறை, தெரு, கூட்டம் கடைசியில். ஒரு மாதம் கழித்து மெஷினைத் திரும்ப ட்யூன் செய்யவேண்டும். வீட்டார் கத்த வேண்டாம், கத்தினால் சொல் சிதையும். முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். 2024ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் தவிர்க்கக்கூடிய மறதிநோய்க் காரணங்கள் என்று பட்டியலிட்ட 14இல் காது மந்தமும் தனிமையும் இரண்டுமே இருக்கின்றன.

சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது தவறு. சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், மலச்சிக்கலும் தலைசுற்றலும் சேரும். நீர் பிரியும் மாத்திரையை வெளியே போகும் நாளில் எந்நேரம் போடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இருமினால் கசிகிறது என்பதைப் பெண்கள் மகளிடம்கூடச் சொல்வதில்லை. இதற்குப் பயிற்சி உண்டு: சிறுநீரை அடக்குவதுபோல் தசையை 5 விநாடி இறுக்கித் தளர்த்துவது, ஒரு வேளைக்கு 10 முறை, தினம் மூன்று வேளை. பலன் தெரிய 3 மாதம் ஆகலாம்.

ஆறு பேர் உள்ள வீட்டிலும் தனிமை இருக்கும். ‘சாப்பிட்டீங்களா’, ‘மாத்திரை போட்டீங்களா’ இரண்டும் கேள்விதான், பேச்சு ஆகாது. பசியின்மை, விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு, இடம் சொல்ல முடியாத உடம்புவலி இவை 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவும் இப்படியே காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை முக்கியம். பேசி உதவி கேட்க முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவசம்.