பழைய கதவு ஏன் இறுகுகிறது, ஏன் தொங்குகிறது?

மழைக்காலத்தில் கதவு நிலையில் சிக்கினால் பலரும் முதலில் தேடுவது இழைப்புளியை. அவசரம் வேண்டாம். சீவிய மரம் திரும்பி வராது. ஈரம் வற்றியதும் அங்கே இடைவெளிதான் மிஞ்சும்.

மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் வெளியிட்டுக்கொண்டும் இருக்கும். பச்சை மரம் முழுவதும் உலரும்போது நாரின் போக்கில் சுமார் 0.1 சதவீதமே சுருங்கும். குறுக்கே பல மரங்கள் 4 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும். கதவின் உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்க, அகலம் மட்டும் பருவந்தோறும் மாறுவது இதனால்தான். பழைய தச்சர்கள் கண்ட தீர்வு அற்புதமானது. நெடுஞ்சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் கழுந்தும் (சட்ட முனையில் செதுக்கிய முளை) அது நுழையும் துளையுமாக இறுகி நிற்கும்; நடுப்பலகையோ சட்டத்தின் பள்ளத்துக்குள் ஒட்டப்படாமல் அமர்ந்து, தன் போக்கில் விரிந்து சுருங்கும். இடைவெளி தெரிகிறதே என்று அந்தப் பள்ளத்தில் பசையை ஊற்றினால், அடுத்த வறட்சியில் பலகை பிளந்துவிடும். நல்ல கதவுகள் இப்படிப் பாழாவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

தொங்கும் கதவின் கதை வேறு. கீழ்முனை தரையில் உரசினாலும், பெரும்பாலும் நோய் மேல்கீலில் இருக்கிறது. 40 கிலோ எடை, 90 செ.மீ. அகலம், கீல்களுக்கிடையே 150 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எடை கதவின் நடுவில் இறங்குவதால், மேல்கீலை நிலையிலிருந்து பிடுங்கும் விசை 40 × 45 ÷ 150, அதாவது 12 கிலோ எடைக்குச் சமம். கீழ்க்கீலில் அதே அளவு விசை உள்நோக்கி அழுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் இழுபட்ட மேல்திருகுகளின் துளைகள் அகன்றுவிடுகின்றன. உருளைக் குச்சியை அறைந்து அடைப்பது வழக்கம். ஆனால் அதன் நார் திருகு செல்லும் திசையிலேயே ஓடுவதால் பிடிப்பு குறைவு. நார் குறுக்காக ஓடும்படி வெட்டிய மரத்துண்டை ஒட்டி, அதில் திருகுவதே உறுதி.

அடிப்பகுதி உளுத்திருந்தால் முதலில் ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை உளுக்கச் செய்யும் பூஞ்சை வளராது. ஈரத்தை உள்ளே வைத்து மேலே எபாக்சி என்னும் இறுகும் பிசினைப் பூசினால் அழுகல் மறைவில் தொடரும்.

பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளுக்கு நஞ்சு.

வலுவூட்ட விரும்புவோர் பூட்டை மட்டும் மாற்றுகிறார்கள். உதைத்துத் திறக்கப்படும் கதவில் பெரும்பாலும் முதலில் பிளப்பது, பூட்டின் நாக்கு நுழையும் இடத்தில் உள்ள நிலைமரம். அங்குள்ள தகட்டின் குட்டைத் திருகுகளை எடுத்துவிட்டு, நிலையைத் தாண்டிச் சுவரின் உறுதியான பகுதிவரை செல்லும் நீளத் திருகுகளைப் போட்டால், அடியின் விசையைச் சுவர் வாங்கிக்கொள்ளும்.