கயிறு, கல், பூ, மூச்சு: மனவடு ஆறும் விதம்

சுனாமி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. போரில் ஏற்கெனவே அடிபட்டிருந்த இலங்கையின் வடகிழக்கில், ஒரு தற்காலிக முகாமில் இருந்த 31 பிள்ளைகளை ஆய்வாளர்கள் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். எல்லோரிடமும் மனவடுவின், அதாவது பேரதிர்ச்சி மனத்தில் விட்டுச்செல்லும் காயத்தின், அறிகுறிகள் இருந்தன. கெட்ட கனவு, திடுக்கிடல், கடலைப் பார்க்கவே மறுப்பது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விதம். ஒரு குழுவுக்கு, நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகச் சொல்ல வைக்கும் சிகிச்சை. மற்றக் குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரு குழுக்களுக்கும் ஆறு அமர்வுகள் மட்டுமே.

ஒன்று பயத்தின் நடுவே கூட்டிப்போகிறது. மற்றது உடலை அமைதிப்படுத்துகிறது. நேரெதிர் வழிகள் போலத்தான் தெரிகின்றன. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கதை சொன்ன குழுவில் 81 விழுக்காட்டினரும் தியானக் குழுவில் 71 விழுக்காட்டினரும் நோய்நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். 2009இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு அதில் இல்லை. எனவே சில பிள்ளைகள் தாமாகவே தேறியிருக்கவும் கூடும். ஆனாலும் இரண்டு வழிகளும் ஏன் உதவுகின்றன என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், மனவடு எப்படி உண்டாகிறது, எப்படி ஆறுகிறது என்பது இரண்டுமே துலங்கும்.

உயிராபத்து நேரும்போது மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி விழித்துக்கொள்கிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது. அந்தக் கணத்துச் சத்தம், நாற்றம், வெளிச்சம் எல்லாவற்றையும் அமிக்டலா 'ஆபத்து' என்று ஆழமாகப் பதிந்துகொள்கிறது. அதன் பக்கத்திலேயே இருக்கும் ஹிப்போகாம்பஸுக்கு வேறு வேலை. இது எங்கே நடந்தது, எப்போது நடந்தது, இதற்கு முன்னும் பின்னும் என்ன என்று நினைவைக் கோப்பது அதுதான். அளவு மீறிய பயத்தில் இந்தக் கோக்கும் வேலை தடுமாறிவிடுகிறது. பயம் தெளிவாகப் பதிகிறது. அதன் காலமும் இடமும் சரியாகப் பதிவதில்லை.

அதனால்தான் போர் முடிந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும், கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் ஒருவர் நிலத்தில் குப்புற விழுகிறார். அது ஷெல் குண்டு இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொள்வது மூளையின் முன்பகுதி; அது வாய் திறப்பதற்கு முன்பே உடல் பதுங்கிவிட்டது. 'இதையெல்லாம் மறந்துவிடு' என்று அவருக்கு அறிவுரை சொல்வதில் பயனே இல்லை. அவருடைய உடலைப் பொறுத்தவரை, அது இன்னும் முடியாத ஒன்று.

இங்கேதான் தவிர்ப்பது என்ற பொறி வருகிறது. கடற்கரைக்குப் போகாமல் இருந்தால் பயம் வருவதில்லை, உடனே நிம்மதி. அந்த நிம்மதியையே மூளை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது: போகாததால்தான் தப்பினோம். கடல் இன்று அமைதியாக இருக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. பயம் குறைவது என்றால் பழைய பதிவு அழிவதல்ல. 'இப்போது பாதுகாப்பாக இருக்கிறேன்' என்ற புதிய பாடம் அதன் மேல் ஏறுவது. அந்தப் பாடம் ஏற வேண்டுமானால், நினைவு விழித்திருக்க வேண்டும். அதே வேளையில் உடல் தாங்கக்கூடிய அளவு அமைதியாகவும் இருக்க வேண்டும். முகாமில் கதை சொன்ன குழு இந்த முதல் பாதியிலிருந்து தொடங்கியது, தியானக் குழு இரண்டாம் பாதியிலிருந்து தொடங்கியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உடலிலிருந்து தொடங்குவதை வீட்டிலேயே செய்யலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது. விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதை மெதுவாக்குகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு என்ற வேகத்தில் சுவாசமும் இதயமும் இரத்த அழுத்தமும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்கின்றன. நாலு விநாடி இழுத்து ஆறு விநாடி விட்டால் அந்தக் கணக்கு வந்துவிடும். 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சிலரை இலத்தீனில் செபமாலை சொல்லவும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரத்தை உச்சரிக்கவும் வைத்து அளந்து பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலிருந்தே இந்த வழியை வலியுறுத்தி வந்தவர். சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைவனைத் திரும்பத் திரும்ப நினைந்து சொல்லும் திக்ர், பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி தியானம் என்று அவரவர் சிறுவயதிலிருந்தே அறிந்ததையே தளர்வுப் பயிற்சியாக்கலாம் என்றார். இது மிக நல்ல யோசனை. புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. வாய்க்குப் பழகிய சொற்கள், அவற்றோடு வரும் வீட்டு ஞாபகம், பக்கத்தில் கூடச் சொல்லும் ஆட்கள் எல்லாம் சேர்ந்தே வருகின்றன.

ஒரு எச்சரிக்கை. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும்போதே சிலருக்குக் காட்சிகள் பாய்ந்து வரும். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்திருக்கட்டும். பாதத்தை நிலத்தில் அழுத்தி, சுற்றிலும் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லட்டும். இன்றைய தேதியையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. ஹிப்போகாம்பஸ் அன்று தவறவிட்ட காலத்தையும் இடத்தையும் இப்படித்தான் கையில் எடுத்துக் கொடுக்கிறோம். யோகாவுக்கும் சான்று உண்டு: நாட்பட்ட மனவடுவுள்ள 64 பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பத்து வாரம் யோகா செய்த குழுவில் ஏறத்தாழப் பாதிப்பேர் நோய்வரையறையைத் தாண்டி வெளியே வந்திருந்தார்கள். ஆனால் 'துக்கம் இடுப்புத் தசையில் தேங்கியிருக்கிறது, ஒரே நாளில் வெளியேற்றித் தருகிறோம்' என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். தசையை இறுக்கி வைத்திருப்பது நரம்புமண்டலம். அது மெல்லத்தான் கற்கும்.

இனி, கதை சொல்லும் வழி. தரையில் ஒரு கயிற்றை நீட்டி வைக்கிறார்கள். அதன் ஒரு முனை பிறப்பு. நல்லது நடந்த இடத்தில் பூ, கொடியது நடந்த இடத்தில் கல். பிறகு ஒவ்வொரு அமர்விலும் பிறப்பிலிருந்து வரிசையாகப் பேச்சு நகர்கிறது. ஒரு கல் வந்ததும் வேகம் குறைகிறது. அப்போது என்ன பார்த்தாய், என்ன மணம் வந்தது, நெஞ்சு எப்படி அடித்தது, இப்போது இந்த அறையில் எப்படி இருக்கிறது? ஆலோசகர் அன்றைக்கும் இன்றைக்கும் மாறிமாறிக் கூட்டிப்போகிறார். பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் விடுவதில்லை. அது தணிந்து, அந்தச் சம்பவம் முடிந்து, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது வரை போகிறார்கள். சொன்னதை எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டித் திருத்துகிறார்கள்.

கயிற்றை விரித்துப் பூவையும் கல்லையும் வைப்பதைத் தனியாகவும் செய்யலாம். பூக்களைத் தேடுவதே பலருக்கு ஆறுதல் தரும். கல்லுக்குள் இறங்கும்போது மட்டும் பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருக்க வேண்டும். இலேசான காயங்களுக்கு எழுதுவது உதவும். 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் மாணவர்கள் நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் புண்படுத்திய சம்பவத்தையும் அது தந்த உணர்வையும் எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் கனத்தது; ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போவது குறைந்தது. இதன் பயன் பெரிதல்ல என்று பின்வந்த ஆய்வுகள் காட்டினாலும், செலவில்லாத வழி இது.

சம்பவம் நடந்த மறுநாளே ஒருவரைப் பிடித்து வைத்து 'சொல், சொல்' என்று கேட்பது வேறு. அது உதவாது, சிலருக்குக் கேடும் செய்யும். முதல் வாரங்களில் வேண்டியது சாப்பாடு, படுக்க இடம், உறவுகள் எங்கே என்ற செய்தி, பக்கத்தில் ஒரு ஆள். பெரும்பாலானவர்கள் சிகிச்சை இல்லாமலே தேறிவிடுவார்கள். தூக்கத்துக்காக மதுவைத் தொடுவது இருக்கிற தூக்கத்தையும் கெடுக்கும்.

இந்த வழிகளெல்லாம் 'அது முடிந்துவிட்டது' என்பதன் மேல் நிற்கின்றன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாய்க்கு அந்தத் தரை இல்லை. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் படத்தை ஏந்தி அமர்ந்திருந்த தாய்மாருக்கு அந்தியேட்டி என்ற ஈமச்சடங்கும் இல்லை, திவசமும் இல்லை. எந்த நாளைத் திதியாக வைப்பது? மூச்சுப்பயிற்சி அவர்களுக்கு ஓர் இரவுத் தூக்கத்தைத் தரலாம். அவர்களின் கதைக்கு முடிவு தரவேண்டியது ஆலோசகர் அல்ல, பதில் வைத்திருப்பவர்கள்.

கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, வேலைக்கும் பள்ளிக்கும் போக முடியாமல் போனாலோ, உயிரை விடும் எண்ணம் ஒருமுறை வந்தாலோ, தனியாகப் போராட வேண்டாம். இலங்கையில் மனநல உதவி எண் 1926, இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 ஆகிய தொலைபேசி எண்களில் தமிழிலேயே பேசலாம்.