ஆப் சொன்ன செடியைக் கஷாயம் வைக்காதீர்கள்

மறுபடியும் ஒரு படம் வந்திருக்கிறது. பென்னாகரம் பக்கம் பாறையில் பிடுங்கிய செடி. "சார், செடிப் பெயர் சொல்லும் ஆப்பில் படத்தைப் போட்டேன். மலைக் கிளப்மாஸ்னு வருது. ஞாபக சக்திக்கு நல்லதாம். அப்பாவுக்குக் கஷாயம் வைக்கலாமா?" தாவரவியல் வாத்தியாரான என்னிடம் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் குடித்துவிட்டுக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் இடத்தைப் பாருங்கள். ஹூபர்சியா செலாகோ என்கிற மலைக் கிளப்மாஸ், பூக்காமல் ஸ்போர் என்கிற நுண்துகளால் பெருகுகிற சிறு செடி; ஐரோப்பா, வட அமெரிக்கா மாதிரி குளிர் நாடுகளின் செடி. அதன் உறவுக்காரச் செடிகளைப் பார்க்கவே நாம் நீலகிரி, பழனி பக்கத்து ஈரச் சோலைகளுக்குப் போக வேண்டும். ஏப்ரலில் கை வைத்தால் சுடுகிற நம் பாறையில் அது எங்கே வரும்?

நீங்கள் அனுப்புவது பெரும்பாலும் செலாஜினெல்லா, அதே போலப் பூக்காத வேறொரு சிறு செடி. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கிளை தட்டையாக இருக்கும், இலைகள் நான்கு வரிசை, ஓரத்தில் இரண்டு வரிசை பெரிது, நடுவில் இரண்டு வரிசை சிறிது. மலைக் கிளப்மாஸில் தண்டு நிமிர்ந்து நிற்கும், சுற்றிலும் ஒரே மாதிரி கூரான இலைகள். நுனியில் ஸ்போர் தாங்கும் கூம்பு கிடையாது. இலைக்கக்கத்தில் மஞ்சளாகச் சிறுநீரக வடிவில் ஸ்போர்ப் பைகள் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் ஆப்புக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"தண்ணியில போட்டா விரியுதே சார், அப்போ சஞ்சீவிதானே?" இதற்குப் பதில் சொல்லி மாளவில்லை. செலாஜினெல்லா காய்ந்தால் விரல்களை மடக்கிய கை போலச் சுருண்டுகொள்ளும், நனைந்தால் விரியும். செல்சுவர் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது, அவ்வளவுதான். செத்துப்போன செடியும் விரியும்! மலைக்கோயில் அடிவாரத்தில் தட்டில் போட்டு விரித்துக் காட்டி விற்கிறார்களே, அது உயிருக்கே அத்தாட்சி இல்லை, மருந்துக்கு எப்படி அத்தாட்சியாகும்? உயிருள்ளதென்றால் அடுத்த சில நாளில் பச்சை திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினாலும் அது அந்தச் செடி பிழைத்துக்கொள்கிற திறமை. குடிக்கிறவர் உடம்புக்கு அது வந்து சேராது.

ஒருவேளை நிஜமாகவே மலைக் கிளப்மாஸ் கையில் கிடைத்தாலும் குடிக்கக் கூடாது. அதிலுள்ள ஹூபர்சின்-ஏ, நம் வயலில் அடிக்கிற சில பூச்சிமருந்துகள் முடக்குகிற அதே நரம்பு நொதியை முடக்கும். வேறொரு கிளப்மாஸ் என்று நினைத்து இதில் டீ போட்டுக் குடித்தவர்களுக்கு வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைப்பிடிப்பு, நாக்குழறல் எல்லாம் வந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஞாபக சக்தி குறைந்த பெரியவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், தயவுசெய்து.

செடியின் பெயர் தெரிய வேண்டுமா, சரி. பிடுங்காதீர்கள். பாறையில் விரற்கடை மண் சேர எத்தனை மழைக்காலம் ஆகிறது, அதைப் பிடித்துவைத்திருப்பதே இந்தச் செடிதான். நின்ற இடத்திலேயே மேலே, அடியில், பக்கவாட்டில், நுனிக்கு அருகில் என்று படமெடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வையுங்கள். எந்த ஊர், பாறையா மரமா, வெயிலா நிழலா என்று எழுதுங்கள். ஏற்கெனவே குடித்து உடம்புக்கு ஏதாவது செய்தால், மிச்சச் செடியை எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எனக்குப் படம் அனுப்புவதெல்லாம் அப்புறம்.