ஊசி போட்ட பிறகும் ட்ரோபோனின் ஏறுகிறதே, ஏன்?

மாரடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்ட சில மணி நேரத்தில், ஐசியூ வாசலில் உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "வலி குறைஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே டாக்டர், அப்புறம் ஏன் ட்ரோபோனின் முன்னைவிட ஏறியிருக்கு?" இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ட்ரோபோனின்; கையில் அதன் இரண்டு லேப் சீட்டு இருக்கும். இரண்டாவதில் எண் பல மடங்காகியிருக்கும். பார்த்ததும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனால் எண் ஏறியதாலேயே சிகிச்சை பலிக்கவில்லை என்று ஆகாது. இதயத் தசையின் செல்கள் சாகும்போது அவற்றுக்குள் இருக்கும் ட்ரோபோனின், சிகே-எம்பி, மயோகுளோபின் ஆகிய புரதங்கள் எல்லாம் வெளியே கசிகின்றன. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்திருக்கும்வரை அவை மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வந்து சேரும். அடைப்பு திறந்ததும், மடை திறந்த முதல் தண்ணீர் வாய்க்கால் குப்பையை அடித்துக்கொண்டு வருவதுபோல, தேங்கியதெல்லாம் மொத்தமாக வரும். அதனால் எண் சட்டென்று ஏறி, சீக்கிரமே உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும். குழாய் திறந்தவர்களுக்கு சிகே-எம்பி பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். திறக்காதவர்களுக்கு 24 மணி நேரம்வரைகூட ஆகலாம். மயோகுளோபின் இதைவிட வேகம்.

உச்சம் எவ்வளவு உயரம் என்பது தசை எந்த அளவு சேதமானது என்று தோராயமாகச் சொல்லும். எப்போது வந்தது என்பதுதான் குழாய் திறந்ததா என்பதற்குத் துப்பு. ஒரே ஒரு சீட்டை வைத்து இதைச் சொல்லவே முடியாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடுத்து என்ன செய்வது என்ற முடிவுக்கு ரத்தப் பரிசோதனையை எதிர்பார்த்து உட்காரக் கூடாது. உச்சம் தெரிவதற்குள் காப்பாற்றியிருக்கக்கூடிய தசை போய்விடும். ஊசி போட்ட 60 முதல் 90 நிமிடத்தில் மறுபடியும் ஈசிஜி எடுக்க வேண்டும். ஈசிஜி கோட்டில் மாரடைப்பின்போது மேலே தூக்கியிருந்த எஸ்டி என்ற பகுதி பாதிக்கு மேல் இறங்கி, நெஞ்சுவலியும் அடங்கியிருந்தால் ரத்தம் பாய்கிறது என்று நம்பலாம். இறங்கவில்லையா? உடனே ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த குழாயைப் பலூன் வைத்துத் திறப்பது) வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். "இன்னொரு ட்ரோபோனின் பார்த்துட்டு அனுப்பலாம்" என்பது அந்த நேரத்தில் சொல்லக் கூடாத பேச்சு. ஊசி நன்றாக வேலை செய்தவர்களுக்கும் 24 மணி நேரத்துக்குள் குழாய்களைப் படம்பிடித்துப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் செய்துவிடுவது நல்லது.

குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழல் வைத்தவர்களுக்கும் ஈசிஜி முக்கியம்தான். பெரிய குழாய் திரையில் பளிச்சென்று திறந்து தெரியும். ஆனால் அதற்குக் கீழே உள்ள நுண்ணிய குழாய்களில் ரத்தம் ஓடாமல் இருக்கலாம்; எஸ்டி இறங்காமல் இருப்பது அதற்குத் துப்பு.

ட்ரோபோனின் ஒரு வாரத்துக்கு மேலும் ரத்தத்தில் நிற்கும். சிகே-எம்பி இரண்டு, மூன்று நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால் நாலாம் நாள் மறுபடி வலி வந்து, இறங்கிய சிகே-எம்பி திரும்ப ஏறினால், புதிதாக ஓர் அடைப்பு என்று சந்தேகிப்போம். வலி லேசாக இருந்தாலும் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது எல்லா ஈசிஜியையும் லேப் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். ஊசி போட்ட நேரமும் ஒவ்வொரு ரத்தமும் எடுத்த நேரமும் அவற்றில் எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நேரம் இல்லாத எண்ணை வைத்து உச்சம் எப்போது வந்தது என்று எங்களால் கணிக்க முடியாது.