பாதியில் நின்ற சேலைப் போர்வை: ஓரம் அடிக்கும் முன் துணியைப் பாருங்கள்

பல வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் பழைய தலையணை உறைக்குள் திணித்த ஒரு துணி மூட்டை இருக்கும். அம்மாவோ அப்பத்தாவோ உடுத்திப் பழசான நூல் சேலைகளை அடுக்கடுக்காக வைத்துப் போர்வை தைக்கத் தொடங்கி, பார்வை குறைந்ததாலோ கை ஒழியாததாலோ அப்படியே சுருட்டி வைத்ததாக இருக்கும். மகளுக்கு மாதம் நெருங்குகிறது என்றதும் அந்த மூட்டை எங்களைப் போன்ற தையல் கடைக்கு வந்து சேரும். "அக்கா, அம்மா முக்கால்வாசி தைச்சிட்டாங்க. ஓரம் மட்டும் அடிச்சுக் குடுத்தா போதும்" என்பார்கள்.

ஓரம் அடிப்பது ஒரு வேலையே இல்லை. வருஷக்கணக்கில் மூடிக்கிடந்த துணியைச் சோதித்துத் தேற்றுவதுதான் வேலை. அதை விட்டுவிட்டு நேராக மெஷினில் வைத்தால் போர்வை முதல் சலவையைத் தாங்காது.

மூட்டையைப் பிரித்ததும் நான் முதலில் எடுப்பது காந்தம். துணி முழுக்க இரண்டு பக்கமும் ஓட்டுவேன். நூலோட்டம் போட்டபோது குத்திய குண்டூசியோ, கோத்த நூலோடு நிறுத்திய ஊசியோ உள்ளே கிடக்கும். துருப்பிடித்திருந்தால் வெடுக்கென்று உருவாதீர்கள். துரு இழையைப் பிடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் துணியும் கிழிந்து வரும். ஊசியை விரலால் மெல்லத் திருகித் திருகித் தளர்த்த வேண்டும். துருக்கறை மேல் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றுகிறவர்கள் உண்டு. அது துருவை இன்னும் அழுத்தமாக்கும், நூலையும் அரிக்கும்.

அடுத்து துணியின் வலு. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே லேசாக இழுத்துப் பாருங்கள். உட்கார்ந்து எழும் இடம் சல்லடையாகியிருக்கும், முந்தானையும் கரையும் திடமாக இருக்கும். பழைய கலம்காரித் துணி என்றால் கறுப்புக் கோடுகளைக் கவனியுங்கள். இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கறுப்பு, காலப்போக்கில் நூலையே தின்றுவிடும். கோடு இருந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சும். நைந்த பகுதியை வெட்டி எறிய வேண்டியதில்லை. மேலே மெல்லிய மல் துணியைப் போர்த்திச் சேர்த்துத் தைத்தால் பழைய நிறமும் தெரியும், துணியும் நிற்கும்.

அப்புறம், அம்மா போட்ட கோணல் தையலைப் பிரித்து எல்லாவற்றையும் மெஷினில் ஒரே சீராக அடிக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஏற்கெனவே ஊசி போன துணியில் மறுபடி நெருக்கமாக ஊசி இறங்கினால் அந்த வரியோடு கிழியும். கிழியாவிட்டாலும் நான் பிரிக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். மிச்சத்தைக் கையாலேயே, பருத்தி நூலால் தைக்கலாம். உங்கள் தையல் அம்மாவின் தையல் மாதிரி இல்லாவிட்டால் போகட்டும். துணியைவிட வலுவான நூல் வேண்டாம். இழுபடும்போது நூல் நிற்கும், துணிதான் வாய் பிளக்கும்.

சாயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுங்குடிச் சேலையின் சிவப்பும் நீலமும் பக்கத்து வெள்ளையில் இறங்கிவிட்டால் மீட்பது கஷ்டம். ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்தித் தேய்த்தாலே தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். ஏற்கெனவே தோய்த்து முடித்த துணியில் உப்பு எதையும் பிடித்து நிறுத்தாது.

நான் ரொம்பவும் பயப்படுவது பாச்சை உருண்டைக்கு. மூட்டையைத் திறந்ததுமே மூக்கில் ஏறும் அந்த நாப்தலீன் வாசனையைப் பழைய துணி வாசனை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடுமையான மஞ்சள்காமாலை வரை போகலாம். அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னொன்று, நாப்தலீன் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, எண்ணெயில் கரையும். நம் வீடுகளில் பச்சைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்காத நாள் குறைவு. எண்ணெய் உடம்போடு அந்தத் துணியில் கிடத்தினால் தோல் வழியாக அது இன்னும் எளிதாக உள்ளே போகும்.

அதனால் ஒரு அலசு அலசினால் சரியாகிவிடாது. துணியைக் காற்றோட்டமான இடத்தில் விரித்து, தினமும் புரட்டிப் போட்டு, வாசனை அடியோடு போன பிறகுதான் துவைக்க வேண்டும். நாப்தலீன் தானாகவே ஆவியாகிப் போகும், ஆனால் அடுக்கு அதிகமான போர்வையில் நாளாகும். மறுபடி எடுத்து வைக்கும்போது வேப்பிலையையோ வசம்பையோ சின்னத் துணிப்பையில் முடிந்து வைத்தால் போதும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

இத்தனையும் செய்த பிறகும், ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது அதைப் போர்த்த வேண்டாம், அடியில் மெத்தையாகவும் போட வேண்டாம். கனமான போர்வை முகத்தில் ஏறினால் சின்னக் குழந்தைக்குத் தள்ளத் தெரியாது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதலும் குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை, தலையணை, மெத்மெத்தென்ற விரிப்பு எதுவும் கூடாது என்கிறது. விழித்திருக்கும்போது பெரியவர்கள் கூட இருந்து, தரையில் விரித்துக் குப்புறப் படுக்கவைத்து விளையாட விடலாம். "பாட்டி தைச்சதைப் போர்த்தக் கூடாதா" என்று முகம் சுருங்குகிறவர்களிடம், பிள்ளை நடக்கத் தொடங்கியதும் இழுத்துக்கொண்டு திரியத்தான் போகிறது என்பேன்.

பேரனுக்கென்று தொடங்கிய போர்வை முடிவதற்குள் அந்தப் பேரன் கல்லூரிக்குப் போயிருப்பதும் உண்டு. அதற்காகப் புதுத்துணி ஒட்டிக் கட்டில் அளவுக்கு இழுக்காதீர்கள். புதுத்துணி சுருங்கும், பழசு சுருங்காது, சேர்த்த இடம் சுருட்டிக்கொள்ளும். இருக்கிற அளவிலேயே ஓரம் கட்டினால் பஸ் பயணத்துக்கு மடியில் போட்டுக்கொள்வான்.

ஒரு வேண்டுகோள். வளைகாப்புக்கு நாள் குறித்த கையோடு மூட்டையை இறக்கிவிடுங்கள். பத்திரிகை அடித்த பிறகு கொண்டுவந்தால் வாசனை போகக்கூட நேரம் இருக்காது.