குடியிருப்பவரோடு சேர்த்து வீடு வாங்கும் முன்

சொத்து ஆவணங்களைச் சரிபார்த்துச் சட்டக் கருத்துரை வழங்கும் பணியைச் சென்னையின் தென்புறநகரில் நெடுங்காலமாகச் செய்து வருகிறேன். வாடகைக்கு விடுவதற்கென்றே முதன்முறையாக வீடு வாங்க வருபவர்களில் பலர் பழைய அடுக்குமாடி வீட்டையே தேடுகிறார்கள். “ஆள் ஏற்கெனவே குடியிருக்காங்க சார், பத்திரம் முடிஞ்ச மாசத்திலிருந்தே வாடகை வந்துடும்” என்று தரகர் சொல்லிவிட்டால் மனம் உடனே இசைந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லை நம்பி அச்சாரம் கொடுத்துவிட்டுப் பிறகு அலைந்தவர்களைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

பணி ஓய்வு பெற்ற ஒருவர், தாம்பரத்தை அடுத்த பகுதியில் ஒரு வீட்டின் ஆவணங்களை என்னிடம் கொண்டுவந்தார். மூலப்பத்திரம் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை தொடர்ச்சி சரியாக இருந்தது. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழிலும் குறை எதுவும் இல்லை. மாத வாடகை 18,000 ரூபாய் என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. தரகரையும் விற்பவரையும் அழைக்காமல், ஒரு மாலையில் தனியாகப் போய்க் குடியிருப்பவரிடம் பேசிவிட்டு வருமாறு அவரைக் கேட்டுக்கொண்டேன். அந்த வீட்டு அம்மாள் முத்திரைத்தாளில் எழுதிய ஓர் ஒப்பந்தத்தைக் காட்டினார். ஒன்பது லட்சம் ரூபாய் கொடுத்து மூன்று ஆண்டுக்குப் போக்கியத்துக்கு வந்தவர்கள் அவர்கள்; காலி செய்யும்போது அந்தத் தொகை முழுவதும் திரும்பக் கிடைக்கவேண்டும், மாத வாடகை என்று ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை.

வில்லங்கச் சான்றிதழ் இதைக் காட்டாததில் வியப்பில்லை. பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத போக்கியமும், வாய்மொழியாகப் பேசி வாங்கிய அட்வான்ஸும் வராது. பதிவில்லாத ஒப்பந்தம் செல்லாது, அதனால் பயமில்லை என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. ஆனால், ஒரு சொத்தில் வேறொருவர் குடியிருக்கும்போது அவருக்கு அதில் என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குபவருக்குத் தெரியும் என்றே 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. எனவே, விசாரிக்காமல் வாங்கிவிட்டு எனக்குத் தெரியாது என்று பின்னால் சொல்வது எடுபடாது. மேலும், கையிலிருந்த சேமிப்பையெல்லாம் கொடுத்துக் குடியேறிய ஒரு குடும்பம், அந்தத் தொகை திரும்பி வராமல் வீட்டைக் காலி செய்யும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. நல்லவேளையாக, வாங்க வந்த அந்த ஓய்வு பெற்றவர் அப்போது அச்சாரம் மட்டுமே கொடுத்திருந்தார். விலையில் ஒன்பது லட்சத்தைப் பிடித்து, குடியிருந்தவரிடம் நேரடியாகக் கொடுத்து, ரசீது பெற்று, அதைக் கிரயப் பத்திரத்திலும் எழுதிய பிறகே பதிவுக்குப் போனோம்.

போக்கியம் இல்லாத வீட்டிலும் அட்வான்ஸ் உண்டு. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் பழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. 18,000 ரூபாய் வாடகைக்கு அது 1,80,000 ரூபாய். அதை வாங்கியவர் பழைய உரிமையாளர்; காலி செய்யும் நாளில் குடியிருப்பவர் கேட்பதோ புதிய உரிமையாளரிடம். விலை பேசும்போது இத்தொகையைக் கழிக்க மறந்து, ஓராண்டு வாடகைக்கு நெருக்கமான பணத்தைத் தம் கையிலிருந்து கொடுத்தவர்களை நான் அறிவேன்.

இனி வரவு செலவு. விலை 60 லட்சம், வாடகை 18,000 என்று வைத்துக்கொள்வோம். பழைய வீட்டைக் கிரயம் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 5,40,000 ரூபாய் ஆகிவிடும். ஆண்டு வாடகை 2,16,000 ரூபாயில், ஆள் மாறும்போது வீடு பூட்டிக் கிடக்கும் ஒரு மாதம், சொத்து வரி, வெள்ளையடிப்பு, குழாய், மின் வேலைகள் என்று சுமார் 40,000 ரூபாயைக் கழித்தால், போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு மூன்று சதவீதம்கூடக் கிடைக்காது. இதில் 45 லட்சத்தை 8.5 சதவீத வட்டிக்கு இருபது ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 39,000 ரூபாய். வாடகை போக 21,000 ரூபாயை மாதந்தோறும் சம்பளத்திலிருந்து போடவேண்டும். வட்டியைக் காட்டிச் சம்பளத்துக்கான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், புதிய வருமான வரி முறையில் இருப்பவர்கள், வாடகையை வட்டி மிஞ்சுவதால் வீட்டுக் கணக்கில் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

அப்படியானால் வாங்கவே கூடாதா என்று கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது, விலை ஏறுவது அதன் அடியிலுள்ள நிலத்துக்கே. ஆகவே யு.டி.எஸ். என்று சொல்லப்படும் பிரிக்கப்படாத நிலப்பங்கு எத்தனை சதுர அடி என்பதை, மாடுலர் கிச்சனைப் பார்ப்பதற்கு முன் பாருங்கள்.

பதிவு முடிந்ததும், குடியிருப்பவர் தொடர்வதாக இருந்தால், உங்கள் பெயரில் புதிதாக எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. பழைய அட்வான்ஸ் தொகை, வாடகை உயர்வு, பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது ஆகிய மூன்றும் அதில் தெளிவாக இருக்கவேண்டும். குடியிருப்பவரை நெருக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. தம் அட்வான்ஸ் புதிய உரிமையாளரின் கையெழுத்தோடு எழுத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அவருக்கும் நிம்மதி.

இன்னொரு கடிதமும் வேண்டும். வீடு கைமாறிய செய்தி தெரியாமல் குடியிருப்பவர் பழைய உரிமையாளருக்கே வாடகை கொடுத்துவிட்டால், அதே வாடகையை மறுபடியும் அவரிடம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகையால், இன்ன தேதியிலிருந்து வாடகையை இன்னாரிடம் கொடுக்கவும் என்று விற்பவர் கையெழுத்திட்ட கடிதத்தைப் பதிவு நாளன்றே வாங்கி, அன்று மாலையே குடியிருப்பவரிடம் நேரில் கொடுத்து, நகலில் அவருடைய கையெழுத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.