லித்தியம்: 'மென்னியம்' வேண்டாம், 'சுரங்கம்' அதைவிட வேண்டாம்

சென்ற மாதம் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தெர்மாகோலில் குகை செய்து வைத்திருந்தாள். உள்ளே தலையில் விளக்குக் கட்டிய பொம்மைத் தொழிலாளர்கள். வாசலில் 'சிலி நாட்டு மென்னியச் சுரங்கம், அட்டகாமா' என்று முத்து முத்தான எழுத்து. மென்னியம் என்றால் என்னம்மா என்று கேட்டேன். "லித்தியம்தான் சார். தமிழில் அப்படித்தான் சொல்ல வேண்டுமாம்" என்றாள். ஏன் அந்தப் பெயர் என்றால், "மென்மையான உலோகம் சார்." சோடியத்தைவிடவா என்றேன். விழித்தாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பலகையில் இருந்த இரண்டு சொற்களையும் அவளுக்குக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். இரண்டுமே தவறு.

சொல்லின் வரலாறு சிறியது. சுவீடனின் ஊத்தோ தீவில் கிடைத்த பெட்டலைட் என்ற கனிமத்தை 1817இல் ஆராய்ந்த வேதியியலர் அர்ஃவெட்சன், அதில் புதிய தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டார். அவர் வேலை பார்த்தது புகழ்பெற்ற சுவீடன் வேதியியலர் பெர்சிலியசின் ஆய்வகத்தில். பொட்டாசியம் செடிகளின் சாம்பல் வழியாக அறியப்பட்டது. இதுவோ கல்லிலிருந்து வந்தது. ஆகவே கல்லைக் குறிக்கும் 'லித்தோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான்.

இனி மென்னியத்துக்கு வருகிறேன். இணையத்தில் சுற்றிவரும் தனிமப் பட்டியல்களிலிருந்து இது கட்டுரைகளுக்கும் கண்காட்சிப் பலகைகளுக்கும் ஏறிவிட்டது. லித்தியத்தைக் கத்தியால் வெட்டலாம் என்பது உண்மை. ஆனால் சோடியத்தை அதைவிட எளிதாக வெட்டலாம், பொட்டாசியத்தை இன்னும் எளிதாக. மோஸ் கடினத்தன்மை அளவில் லித்தியம் 0.6, சோடியம் 0.5, பொட்டாசியம் 0.4. ருபீடியம், சீசியம் என்று போகப் போக இன்னும் குறையும். கார உலோகக் குடும்பத்தில் எல்லாவற்றிலும் கடினமானதைத் தேடிப் பிடித்து அதற்கு மென்மையைப் பெயராகச் சூட்டியிருக்கிறோம்.

நாங்கள் சொன்னது எடையின் மென்மையை என்று சிலர் வாதிடுகிறார்கள். லித்தியம் உலோகங்களிலேயே அடர்த்தி குறைந்தது என்பதில் ஐயமில்லை. தண்ணீரின் அடர்த்தியில் பாதிதான். மண்ணெண்ணெயில் போட்டால்கூட மிதக்கும். ஆனால் தமிழில் 'மெல்' எடையைச் சொல்கிறதா? மெல்லிய துணி, மெல்லிய குரல், மெல்லிய இதழ் என்கிறோம். எதிலும் தராசு இல்லை. எடைக் குறைவுக்கு நொய்ம்மை என்று தனிச்சொல்லே இருக்கிறது. தனித்தமிழ் ஆர்வலருக்கு அது தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம். போதாக்குறைக்கு 'மென்னி' என்றால் தொண்டை. மென்னியைப் பிடிப்பது என்ன என்று எந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் தெரியும். 'இயம்' என்ற ஈறும் இன்று பெண்ணியம், மார்க்சியம் என்று கொள்கைகளுக்கு வாய்த்துவிட்டது. ஆங்கிலப் பெயரின் கடைசி ஓசையோடு ஒத்துப்போகிறது என்பதற்காக அதை உலோகத்தின் வாலில் ஒட்டுவது தமிழாக்கம் ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காரணம் உண்டு. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் உப்பு பித்துநிலையைத் தணிப்பதைக் கண்டு எழுதினார். இன்றுவரை இருமுனை மனநோய்க்கு அது முக்கியமான மருந்து. ரத்தத்தில் அதன் அளவு சற்றுக் கூடினாலும் ஆபத்து. அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். மாத்திரை அட்டையில் லித்தியம் கார்பனேட் என்று இருக்கிறது, ஆய்வக அறிக்கையில் லித்தியம் என்று இருக்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் படிக்கும் துண்டறிக்கையில் மட்டும் மென்னியம் என்று இருந்தால், இரண்டும் ஒன்று என்பதை அவருக்கு யார் சொல்வது? மெக்கானிக் கடையில் 'லித்தியம் கிரீஸ்' என்று டப்பாவைக் கேட்டு வாங்குகிறவருக்கும் இந்தப் பெயர் பழகிய பெயர்தான். இரும்பு, செம்பு, ஈயம் என்று நம் கை பழகிய உலோகங்களுக்கு நம் பெயர் இருக்கிறது. பெயரோடு வந்து சேர்ந்ததை அந்தப் பெயரால் அழைப்பதில் தமிழுக்கு இழுக்கில்லை.

'கல்லியம்' என்று சொல்கிறவர்களும் உண்டு. வேர்ச்சொல்லுக்கு நேர்மையான ஆக்கம், மதிக்கிறேன். ஆனால் காலியம் என்று வேறொரு தனிமம் இருக்கிறது. ஒரு நெடில் குறிலாகி ஓர் ஒற்று மிகுந்தால் உலோகமே மாறிவிடும் என்பது மாணவருக்குச் செய்யும் உதவி ஆகாது. எழுத்துமுறையைப் பொறுத்தவரை, லகரம் மொழிக்கு முதலில் வராது என்பதால் இலங்கைப் பாடநூல்கள் 'இலிதியம்' என்கின்றன. அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒற்றைத் தகரம் இரண்டு உயிருக்கு நடுவில், 'அது' என்பதில்போல, மெலிந்து ஒலிக்கும். ஆகவே இரட்டித்து லித்தியம், வேண்டுவோருக்கு இலித்தியம்.

தனிமத்தின் பெயருக்காக இவ்வளவு சண்டை போடும் நாம், 'அட்டகாமா சுரங்கம்' என்பதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். அதுதான் என்னைச் சுடுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸில் ஸ்போடுமீன் என்ற லித்தியக் கனிமம் உள்ள பாறையை வெட்டி எடுக்கிறார்கள். அது சுரங்கம், திறந்தவெளிச் சுரங்கம். அட்டகாமாவில் நடப்பது வேறு. அங்கே உப்புப் படுகைக்கு அடியில் கிடக்கும் உவர்நீரைக் கிணறு தோண்டி மேலே ஏற்றுகிறார்கள். பரந்த பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவிடுகிறார்கள். முதலில் சோற்றுப்பு படிகிறது, பிறகு பொட்டாசியம் உப்புகள். நீல நிறத்தில் இருந்த நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, ஓராண்டுக்கு மேல் கழித்து, எண்ணெய்போல் மஞ்சளாகத் திரள்கிறது. அதைச் சுத்திகரித்துச் சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) சேர்த்தால் லித்தியம் கார்பனேட் வெள்ளைத் தூளாகப் படிகிறது.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா? உப்பளம்! சங்க காலத்து உப்பு வணிகரான உமணர் வண்டியேற்றிய நாளிலிருந்து நம்மிடம் இருக்கும் தொழில். தூத்துக்குடியில் உப்பை வாரிக்கொண்டு மிஞ்சிய நீரைக் கழிக்கிறார்கள். அட்டகாமாவில் உப்பை ஒதுக்கிவிட்டு அந்த மிஞ்சிய நீருக்காகக் காத்திருக்கிறார்கள். இவ்வளவுதான் வேறுபாடு. அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. குகையை ஓரம் தள்ளிவிட்டு, ஆசிரியர் அறையிலிருந்து ஒரு தட்டு வாங்கிவந்து உப்புக் கரைசலை ஊற்றி வெயிலில் வைத்தாள்.

சுரங்கம் என்று எழுதுவதால் வரும் கேடு சிறியதல்ல. அட்டகாமா உலகின் மிக வறண்ட நிலங்களில் ஒன்று. அங்குள்ள பழங்குடி மக்களின் கவலை தண்ணீரைப் பற்றியது. உவர்நீரை இப்படி இறைத்துக் காற்றில் விட்டால் நன்னீர் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். குகையையும் கடப்பாரையையும் மனத்தில் வைத்துப் படிக்கும் வாசகருக்கு அந்தக் கேள்வியே புரியாது.

வணிகச் செய்திகளிலும் இதே அலட்சியம். 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் என்று அறிவிப்பு வந்ததும், 'லித்தியம் இருப்பு' என்று எழுதினார்கள். இருப்பு என்றால் கடையில் இருக்கும் சரக்கு. கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். அறிவிக்கப்பட்டதோ தொடக்கநிலை ஆய்வில் ஊகித்த கனிமவளம். ஊகவளம் என்று எழுத எத்தனை எழுத்து கூடுதலாகும்? 2022 இறுதியில் சீனாவில் டன் சுமார் 6 லட்சம் யுவானுக்கு ஏறி, அடுத்த ஆண்டு இறுதியில் 1 லட்சம் அளவுக்குச் சரிந்த விலையும் 'லித்தியம் விலை' என்றே அச்சானது. அது கார்பனேட்டின் விலை. ஒரு கிலோ லித்தியம் சுமார் 5.3 கிலோ கார்பனேட்டில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் வாசகர் போடும் கணக்கு ஐந்து மடங்குக்கு மேல் பிழையாகிவிடும்.